அடைத்து வைத்த ஹீட்டர்

அண்ணனின் பழைய கார் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றபோதே பானட்டின் இடுக்கில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் அம்மா கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல, லேசா சூடாகுது," என்றான் அண்ணன்.

என் கணவர் இன்ஜின் வேலை பார்ப்பவர். ஹோஸ், கிளிப், பெரிய கை நுழையாத இடமெல்லாம் என் பங்கு. சூடு தணியும்வரை காத்திருந்து இன்ஜினுக்குப் பின்னால் கையை விட்டேன். ஹீட்டருக்குப் போகிற ஹோஸும் அங்கிருந்து திரும்புகிற ஹோஸும் பாதியில் அறுபட்டு நின்றன. இரண்டின் வாயிலும் ஒவ்வொரு போல்ட்டைச் செருகி, மேலே கிளிப் போட்டு இறுக்கியிருந்தது.

"இது யாரு பண்ண வேலை?"

"நான்தான். ஹீட்டர் ஒழுகி முன்சீட்டுல காலுக்கிட்ட ஒரே தண்ணி. அடைச்சேன், நின்னுடுச்சு."

"நீங்க டாக்டருக்குப் படிக்காமப் போயிட்டீங்களே மச்சான்," என்றார் என் கணவர். "சளி ஒழுகுதுன்னு வந்தவனுக்கு மூக்கை அடைச்சு அனுப்பியிருப்பீங்க."

அண்ணன் சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்துக் காருக்குள் அம்மாவும் சிரித்தாள். என்ன பேச்சு என்று அவளுக்குக் கேட்டிருக்காது.

அந்தக் காலத்து இன்ஜின் அது. தண்ணீர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் முன்னாலிருக்கும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும். அதுவரை அது சுற்றிவர ஹீட்டர் வழி ஒன்றுதான் உண்டு. அதை அடைத்தால் நின்ற இடத்திலேயே கொதிக்கும். இதைச் சொல்லிவிட்டு, செய்யக்கூடியது இரண்டு என்றேன். ஒரே ஹோஸை வளைத்துப் போட்டு, ஹீட்டருக்கே போகாமல் தண்ணீரை இன்ஜினுக்குத் திருப்பிவிடலாம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இல்லையென்றால் டேஷ்போர்டைக் கழற்றி, ஒழுகுகிற ஹீட்டரை மாற்றி, ஹோஸ்களைப் புதிதாக இழுக்க வேண்டும். சாயங்காலம் ஆகிவிடும்.

"வளைச்சே விட்டுடு. இத்தனை நாள் ஹீட்டர் இல்லாம செத்தா போயிட்டோம்?"

நான் பின்கதவைத் திறந்து குனிந்தேன். "அம்மா, வண்டியில உனக்குக் குளிரலையா?"

அம்மா என் தோளுக்கு மேலாக அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கென்னடி குளிரு. கம்பளி இருக்கே."

அவள் விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. ஆமாம், குளிருது என்று ஒரு வார்த்தை. அதைத்தான் நான் கேட்டேன். அவள் உடம்பைப் பற்றிய கவலையா, இல்லை அண்ணனுக்கு எதிராக ஒரே ஒரு தடவை அவள் பேச வேண்டும் என்ற ஆசையா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், என்னால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

"வண்டியும் அம்மாவும் இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் வா," என்றேன் அண்ணனிடம்.

உடைத்துப்போட்ட ஒரு காரிலிருந்து கழற்றி வைத்த ஹீட்டர் எங்களிடம் இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டேன். டேஷ்போர்டைக் கழற்ற இடம் வேண்டி முன்சீட்டைத் தூக்கியபோது, அடியில் ஒரு ஜோடி காலுறை கிடந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்டிக் பை. பையின் வாயில் ரப்பர் பேண்டு இரட்டையாக முறுக்கிப் போட்டிருந்தது. பொட்டலத்தை அம்மா அப்படித்தான் கட்டுவாள். அந்தத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு எத்தனையோ பயணம் போயிருக்கிறாள். பின்சீட்டுக்கு மாறியது அதற்கப்புறம்தான்.

அம்மா டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றாள். காலுறையைப் பார்த்தாள்.

"அவன் பாவம், ரொம்ப அலையுறான். ஒண்ணும் சொல்லிடாத."

"நான் எங்க சொல்றேன்? குளிருதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா அவன் மனசு கஷ்டப்படும்."

"என் மனசு?"

"நீ தாங்கிப்ப," என்றாள் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. பாராட்டாகவே சொன்னாள். சொல்லிவிட்டு, டீ ஆறுது, குடி என்றாள்.

இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டின் ஓட்டை வழியாக இரண்டு ஹோஸ்களையும் இழுத்தேன். முன்பு அவை சூடான குழாய்மேல் உரசிக்கொண்டு போயின. இந்த முறை ஓரமாக விலக்கிக் கிளிப்பில் பிடித்தேன். புறங்கை தோலுரிந்தது. கூலன்ட் தண்ணீர் பட்டு எரிந்தது. யாரும் திறந்து பார்க்கப் போகாத இடத்தில் அவ்வளவு ஒழுங்காக ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அல்லது தெரியும்.

சாயங்காலம் அண்ணன் வந்து வண்டியைக் கிளப்பினான். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, சூடான காற்று வரும் துளைமேல் இரண்டு கைகளையும் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். அது எனக்குப் போதும் என்றுகூட நினைத்தேன்.

"பாத்தியாடி," என்றாள் கண்ணைத் திறந்து, "நேரத்துக்கு இங்க கொண்டுவரணும்னு அவனுக்குத் தோணுச்சு பாரு."

அவர்கள் போனதும் என் கணவர் அந்த இரண்டு போல்ட்டுகளையும் எடுத்து மற்ற போல்ட்டுகளோடு டப்பாவில் போட்டார். "நல்ல போல்ட்டுதான்," என்றார்.

மறுநாள் காலை, ஒர்க்‌ஷாப் ஜன்னலில் பனி பூத்திருந்த நேரத்தில் அண்ணன் போன் செய்தான்.

"என்ன செஞ்சு வச்சிருக்க? வண்டிக்குள்ள அடுப்பு மாதிரி இருக்கு. ஓட்டுறப்ப கண்ணு சொக்குது. இதை நிறுத்த முடியாதா?"

"அம்மாவைக் கேளு."

"அவங்கதான் கேக்கச் சொன்னாங்க."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "புழுங்குதுடி. அணைச்சுடச் சொல்லு."

அணைத்தால் மறுபடியும் இன்ஜின் கொதிக்கும் என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வண்டிக்கு ஏதாவது ஆகும் என்றால் அண்ணன் நம்புவான். குளிர் முடியும்வரை அம்மாவின் விரல்கள் சூடாக இருந்திருக்கும். பொய் நாக்கு நுனிவரை வந்தது. புழுங்குது என்ற அந்தக் குரல் காதிலேயே நின்றது.

"நடுவுல ஒரு லீவர் இருக்கு பாரு. நீலக் கோடு இருக்குற பக்கம் கடைசிவரைக்கும் தள்ளு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்த லீவர் தண்ணீரை நிறுத்தாது. சூடான காற்று உள்ளே வரும் கதவை மட்டும் மூடும். தண்ணீர் நான் இழுத்துவிட்ட வழியிலேயே ஹீட்டருக்குள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.