கையை எடுங்கோ அக்கா

எங்கள் தலைக்கு மேலே மட்டும்தான் அந்த அறிவித்தல் ஒட்டியிருந்தது: வேலை நேரத்தில் இங்கிலிஷ் மட்டும். கனடாவில், மிசிசாகாவில் ஒரு பாண் பேக்கரி. மா வெட்டும் மெஷினில் தமிழ்ப் பெண்கள் ஒன்பது பேர். சூப்பர்வைசரும் அவன் மச்சானும் நாள் முழுக்கத் தங்கள் பாஷையில் கத்திச் சிரிப்பார்கள், அதை ஒருவரும் தட்டிக் கேட்பதில்லை. நாங்கள் வாய் திறந்தால் தொலைந்தோம்.

வெள்ளிக்கிழமை, சிக்கிய மாவை இழுக்கத் தவமணி அக்கா வெட்டுக்கத்திக்குக் கீழே கையை விட்டார். "ஐயோ, கையை எடுங்கோ அக்கா!" என்று கத்தினேன். அவர் எடுத்தார், கத்தி விழுந்தது. திங்கட்கிழமை எனக்கு ஒரு வோர்னிங் லெட்டர் வந்தது. விதியை மீறித் தமிழில் பேசினேனாம். பிழையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லையாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"போட்டிட்டு வாரும் கிளடிஸ்," என்றார் என் கணவர் சீமோன். "இங்கை நிரந்தரமா இருக்கிறதுக்கு எங்கடை லாண்டட் பேப்பர் இன்னும் வரேல்லை. முறைப்பாடு, அது இது எண்டு போனா நாட்டை விட்டு அனுப்பிப் போடுவாங்கள்."

"ஆர் சொன்னது? மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போன் அடிச்சுக் கேட்டனான். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். முறையிட்ட ஆளைப் பழிவாங்கினா அதுவும் குற்றமாம்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். விடிய எழும்பியபோதும் பயம் போகவில்லை.

மானேஜரின் அறையில், சூப்பர்வைசருக்கு முன்னாலேயே கடிதத்தைத் திருப்பித் தள்ளினேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன்: "தமிழில் நான் என்ன சொன்னேன் என்றும் இதில் எழுதுங்கள். பிறகு கையெழுத்துப் போடுகிறேன்."

"என்ன சொன்னாய்?"

"கையை எடு என்று சொன்னேன். கத்தி வருகிறது, கையை எடு."

மானேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். பேனையை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். எழுதமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"நீ வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

"வீட்டுக்கில்லை, ஆணைக்குழுவுக்குப் போகிறேன்," என்று கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

வெளியே தவமணி அக்கா ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமையிலிருந்து பயத்தில் என் முகத்தையே பாராத மனுசி.

"நில்லும், நானும் வாறன். சாட்சி சொல்ல ஆள் வேணுமெல்லே."

"உங்களுக்கும் வேலை போகும் அக்கா."

"போகட்டும். வேறை வேலை செய்யக் கை கிடக்கு."