திறப்பு விழாவில் மூடிய வால்வு

திறப்பு விழாவில் திறந்ததோடு நிறுத்தியிருக்கலாம். அமைச்சர் மூடியும் காட்டினார். அதுதான் வினை.

"நானும் ஒரு இன்ஜினியர்தான்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, புதுக் குடிநீர்க் குழாயின் வால்வுக் கைப்பிடியைப் பிடித்தார். முன்வரிசை ஓரத்திலிருந்து ஒரு கை 'மெதுவா, மெதுவா' என்று தாழ்ந்து தாழ்ந்து அசைந்தது. யார் கை என்று தெரிந்ததும் ஒரே தள்ளாகத் தள்ளி மூடினார். பாய்ந்து வந்த தண்ணீர் போக்கிடம் இல்லாமல் குழாயை முட்டியது. டங்கென்று ஒரு சத்தம். மேடையோரத்து இணைப்பு பிய்த்துக்கொண்டது. தன் கட்சியில் யார்மேலும் கறை இல்லை என்று அப்போதுதான் பேசி முடித்திருந்த தலைவரைச் சேற்றுத் தண்ணீர் தலை முதல் கால் வரை குளிப்பாட்டியது; அமைச்சர் தலையும் நனைந்தது.

எல்லோரும் துண்டு தேடி ஓட, அமைச்சர் ஒரே ஒரு முகத்தைத் தேடினார். கை காட்டியவள். துறையின் தலைமைப் பொறியாளர். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது. அவளை ஒட்டி அமைச்சரின் மனைவி குனிந்து நின்றாள். பாவம், பயந்துவிட்டாள் போலிருக்கிறது.

அந்தப் பொறியாளர் அம்மாளால்தான் அவர் அரசியலுக்கே வந்தார். இருவரும் ஒரே வகுப்பு. அவருக்கு 'அவசரக்குடுக்கை' என்று பட்டம் சூட்டியவளே அவள்தான். பிறகு ஒரே துறையில் வேலை. அவர் கண் வைத்திருந்த தலைமைப் பதவி அவளுக்குப் போனது. ராஜினாமாவை விட்டெறிந்துவிட்டு, பெண் வீட்டைப் பார்த்தால் நாடு தானாக உருப்படும் என்று முழங்கும் பழமைக் கட்சியில் சேர்ந்தார். வீட்டில் புலம்பலாக இருந்தது மேடை ஏறியதும் கொள்கையாகிவிட்டது. கைதட்டல் வேறு. ஜெயித்ததும் அதே துறையைக் கேட்டு வாங்கினார்.

வந்த கையோடு அவள் அறையை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் மாற்றினார். அவள் அனுப்பிய கோப்பெல்லாம் போன வேகத்தில் திரும்பின. அவள் முணுமுணுக்கக்கூட இல்லை. அதுதான் அவருக்கு எரிந்தது. காலில் விழ வேண்டாம், கண்ணாவது கலங்கக் கூடாதா?

இணைப்பு பிய்ந்த பழியில் இப்போது வசமாக மாட்டினாள். சஸ்பென்ஷன் உத்தரவு மேஜையில் தயார். ஆனால் சிரித்தாளா என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டால் ருசிக்காதே!

"சிரிச்சாளாய்யா?" என்றார் உதவியாளரிடம்.

"வெயில் கண்ணைக் கூசுச்சுங்க ஐயா. ஆனா இது எதிர்க்கட்சி சதிங்க, சந்தேகமே இல்ல."

டிரைவர் அந்த நேரம் பார்த்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தானாம். மனைவியோ, "முதல்ல தலையைத் துவட்டுங்க" என்று துண்டை நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் தலைமைப் பொறியாளர் வந்தாள். பூட்ஸ் முழுக்கச் சேறு.

"இணைப்பை மாத்தியாச்சுங்க. தண்ணி போகுது."

"தண்ணி கிடக்கட்டும். தப்பு உன்னோடது. ஒரு மன்னிப்பு கேளு, இதைக் கிழிச்சுப் போடறேன்."

"தப்பு என்னோடது இல்லீங்களே."

"சரி, அப்ப ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லு. நேத்து நீ சிரிச்சியா, இல்லையா?"

இல்லை என்பாள், அந்தப் பொய்க்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடலாம் என்று பேனா மூடியைக் கழற்றினார்.

"சிரிச்சேன்" என்றாள். "மெதுவான்னு கை காட்டினேன். பாத்தீங்க. நான் சொன்னேங்கிற ஒரே காரணத்துக்காக வேகமாத் தள்ளுனீங்க. அந்தப் பதவி ஏன் வரலை, ஏன் வரலைன்னு ஊரெல்லாம் கேட்டீங்களே, இதனாலதான் வரலை. போடுங்க கையெழுத்து. அப்படியே உங்க வீட்டம்மாவுக்கும் ஒரு உத்தரவு அடிக்கச் சொல்லுங்க. முதல்ல சிரிச்சது அவங்கதான். நிக்க முடியாம என் தோள்ல சாஞ்சுக்கிட்டாங்க."