ஞாயிற்றுக்கிழமை மீன்

ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் ஞானாம்பாளுக்கு முட்டி இரண்டும் கழன்று கையில் வந்துவிடும் போலிருக்கும். தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆபீசில் முப்பது வருஷமாக டி.சி. எழுதுகிறாள். ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. வீட்டுக்கு வந்ததும் அப்பாடா என்று உட்காரலாம் என்றால் முடியுமா? ஹாலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவன் காத்துக்கொண்டிருப்பான். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவான். சோறு எங்கே என்று கேட்கிறானாம்.

அவன் என்றால் மீன். ஒரே ஒரு மீன். சன்பிஷ் என்று பெயர். உள்ளங்கை அகலம் இருப்பான், நீலமும் பச்சையும் கலந்த உடம்பு, வயிற்றில் கொஞ்சம் மஞ்சள். எந்த நாட்டு ஏரியில் பிறந்தானோ, எவன் தலையெழுத்தோ, ஊரப்பாக்கத்தில் ரெண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தான்.

கொண்டுவந்தது அவள் மகன் உமேஷ். பொத்தேரியில் இன்ஜினியரிங் படித்தான். வீட்டிலிருந்து இரண்டே ஸ்டேஷன், ஆனாலும் துரைக்கு ப்ரைவசி வேண்டுமென்று அங்கேயே ரூம் எடுத்துத் தங்கினான். அந்த ரூமில்தான் மீன் தொட்டி. சன்பிஷ்ஷோடு துணைக்கு இரண்டு கோல்டு பிஷ் விட்டானாம். மூன்றாம் நாள் அவை இரண்டுக்கும் வாலும் இல்லை, உயிரும் இல்லை. கடைக்காரன் அப்புறம்தான் சொன்னானாம், இவனைத் தனியாகத்தான் வைக்கணும் என்று. படிப்பு முடிந்து புனேயில் வேலை கிடைத்ததும் தொட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். "ரெண்டே வாரம்தாம்மா. வீடு பாத்துட்டு வந்து எடுத்துட்டுப் போயிடறேன்" என்றான். ரெண்டரை வருஷம் ஆகிறது.

முட்டைகூட உடைக்காத வீடு அது. சன்பிஷ்ஷோ இறாலும் மண்புழுவும் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்க மாட்டான். பாக்கெட்டில் வரும் மீன் தீனியைப் போட்டால் வாயில் வாங்கித் துப்புவான். இட்லியைப் போட்டுப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலைக்குப் போனான். கடைசியில் தலையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டோரத்தில் மீன் விற்கும் முத்தாலம்மாளிடம் போய் நின்றாள்.

"இன்னா டீச்சரம்மா, இன்னிக்கும் ஒரு புடி எறாதானா?" என்று முத்தாலம்மாள் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். ஞானாம்பாள் டீச்சர் இல்லை என்று நாலு தடவை சொல்லியாயிற்று, காதில் போட்டுக்கொண்டால்தானே. "எங்க வூட்டுப் பூனை இதவிட ஜாஸ்தி துன்னும்மா."

அந்த இறாலை உரித்து, நறுக்கி, தனி டப்பாவில் போட்டு, ஃப்ரீசரில் பச்சைப் பட்டாணிக்கும் ஐஸ் ட்ரேக்கும் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும். அதற்கென்று தனிக் கத்தி. பிறகு ஒரு குளியல். சனிக்கிழமைதோறும் தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டு, முந்தின நாளே பிடித்து வைத்த பக்கெட் தண்ணீரை ஊற்ற வேண்டும். கோடை வந்தால் இன்னொரு கூத்து. அடியில் கிடக்கும் கூழாங்கல்லையெல்லாம் வாலால் தள்ளித் தள்ளி வட்டமாக ஒரு குழி தோண்டுவான். யாரோ விருந்தாளி வருகிறார்கள் என்று பாய் விரித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி அதன் மேலேயே நிற்பான். ஒருத்தியும் வர மாட்டாள். ஞானாம்பாள் தொட்டி கழுவும்போது குழியைச் சமன் செய்வாள், அவன் மறுபடியும் தோண்டுவான். "உனக்கும் வேற வேலை இல்ல, எனக்கும் வேற வேலை இல்ல" என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைப்பாள்.

"உன் பிள்ளை கொண்டாந்த மீன். நீயாச்சு, அவனாச்சு" என்று அவள் கணவர் ஜெயகிருஷ்ணன் முதல் நாளே கைகழுவிவிட்டார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். வந்ததும் டி.வி., அப்புறம் தூக்கம். "யாருக்காவது குடுத்துத் தொலையேன்" என்பார் நடுநடுவே.

கொடுத்திருக்கலாம்தான். கேட்டவர்கள்கூட உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி என்று ஒன்று இருக்கிறதே.

ஞாயிறு பதினோரு மணிக்கு உமேஷ் வீடியோ கால் பண்ணுவான். ஒரு வாரம் தவறியதில்லை. "மா, அவன் எப்படி இருக்கான்? திருப்பு, திருப்பு, அவனைக் காட்டு" என்பான். அவள் கேமராவைத் திருப்பித் தொட்டியைக் காட்டுவாள். அவன் சாப்பிட்டானா, குழி தோண்டினானா, கலர் மங்கலா இருக்கே என்று பத்து நிமிஷம் கேட்பான். ஒரு தடவை அவள், "முட்டி வலி தாங்கலைடா" என்றாள். "டாக்டரைப் பாரும்மா" என்றான் உடனே. அப்புறம், "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டு." அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் அவள் வாரம் முழுக்கத் தண்ணீர் தூக்கினாள். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம் விடாமல் மழை. தெருத் தண்ணீர் கீழே தரைக்கடியில் இருக்கும் சம்ப்புத் தொட்டிக்குள் இறங்கிவிட்டதென்று, அசோசியேஷன் செக்ரட்டரி சத்தியநாதன் இரண்டு கிலோ ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கொட்டினார். கொட்டிவிட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார், பொறுப்பான மனுஷன்தான். குட் மார்னிங் ரோஜாப்பூ தொல்லை தாங்காமல் ஞானாம்பாள் அந்தக் குரூப்பைத் திறந்து பார்த்தே நாலு மாசம் ஆகிறது. அது போகட்டும். பக்கெட்டில் முந்தின நாளே தண்ணீர் பிடித்து வைத்திருந்தாலாவது ப்ளீச்சிங் நெடி பறந்துபோய் அவன் தப்பித்திருப்பான். வெள்ளிக்கிழமை ட்ரெயின் தண்டவாளத்தில் ஒரு மணி நேரம் நின்றது. வந்தவள் அப்படியே படுத்துவிட்டாள். சனிக்கிழமை பைப்பிலிருந்தே நேராகப் பிடித்து ஊற்றினாள். ரெண்டரை வருஷத்தில் அந்த ஒரே ஒரு நாள்.

ஞாயிறு காலையில் காபி போட எழுந்தபோது அவன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தான்.

"போச்சா? விட்டது தொல்லை" என்றார் ஜெயகிருஷ்ணன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், இது செத்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று. ஆனால் அவனைக் கரண்டியில் எடுத்துப் போய் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குள் புதைக்கும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாவி, நானே கொன்னுட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கையைக் கழுவும்போது மணி ஏழு. பதினோரு மணிக்குப் போன் வரும். செத்துப்போச்சுடா என்று சொன்னால், ஐயோ என்பான், பரவாயில்லம்மா என்பான். சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை? அதற்கடுத்தது? எதைக் காட்டு என்று கேட்பான்? எதற்காகப் போன் பண்ணுவான்?

மூடி போட்ட பக்கெட்டை எடுத்துக்கொண்டு முத்தாலம்மாளிடம் ஓடினாள். மற்ற நாளில் அவளிடம் கோவளத்துக் கடல் மீன்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் படப்பைப் பக்கத்து ஏரியிலிருந்து ஜிலேபி மீன் உயிரோடு வரும். அகலமான அலுமினியச் சட்டியில் துள்ளிக்கொண்டிருக்கும். இறால் வாங்கும்போதெல்லாம் ஞானாம்பாள் கவனித்திருக்கிறாள், இதுவும் நம்மாளு மாதிரியேதான் இருக்கு என்று.

"அக்கா, உள்ளங்கை சைஸ்ல ஒண்ணு குடுங்க. உயிரோட."

முத்தாலம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னாது, மீனா? நீயா? ஆஞ்சு தரட்டா?"

"ஐயோ வேணாம். வளர்க்கறதுக்கு."

"ஜிலேபியவா?" முத்தாலம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பூக்கடைக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா பேஜாரா கீது உன்னோட! ஜிலேபிய எவனாச்சும் கண்ணாடிப் பொட்டில வுட்டு வேடிக்கை பாப்பானா?"

ஞானாம்பாளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. பழைய மீன் செத்துவிட்டது, பதினோரு மணிக்குப் பையன் பார்ப்பான் என்று இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்தாள். முத்தாலம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். சட்டிக்குள் கையை விட்டு, ஒன்றைப் பிடித்துப் பார்த்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டாள், இன்னொன்றைப் பிடித்தாள்.

"இத்த எத்துனு போ. சுறுசுறுப்பா கீது. கறுப்பு கம்மி" என்றாள். "எம் புள்ளையும் துபாய்ல கீறான். போனைப் போட்டான்னா, நெட்டு வரல, நெட்டு வரலம்பான். போ, போ, மணியாவுது."

பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வீட்டில் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீர் நாலையும் ஞானாம்பாள் தொட்டியில் கவிழ்த்தாள். "குடிக்கறதுக்கு?" என்றார் ஜெயகிருஷ்ணன். "மழை பெய்யுது பாருங்க, வாயைத் திறந்துட்டு நில்லுங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் கேனுக்குப் போன் போட்டார்.

பதினோரு மணிக்கு உமேஷ் பார்த்தான். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான். "கொஞ்சம் கறுத்துட்டான் போலிருக்கே" என்றான். "மழைடா, வெயில் இல்லல்ல" என்றாள். "ஓ. சரிம்மா" என்றான். அவ்வளவுதான், தாண்டியாயிற்று.

ஜிலேபி தங்கமான பிள்ளை. இட்லி தின்றான், சோறு தின்றான், கீரைத்தண்டு தின்றான். இறால் டப்பாவும் போயிற்று, தனிக் கத்தியும் போயிற்று. நாலாம் நாளே கூழாங்கல்லை ஒதுக்கி அவனும் வட்டமாக ஒரு குழி தோண்டினான். ஞானாம்பாளுக்கு உயிர் வந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் உமேஷ் "நல்லா இருக்கானா?" என்பான், அவள் "ராஜா மாதிரி இருக்கான்" என்பாள். பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லுகிற அலுப்பு தண்ணீர் தூக்குகிற அலுப்பைவிடப் பெரிதாக இருந்தது.

ஏழாவது ஞாயிறு உமேஷ், "மா, ஒரு எறா போடேன். அவன் சாப்பிடறதைப் பாக்கணும்" என்றான்.

எங்கே போவாள் இறாலுக்கு? "தீந்து போச்சுடா" என்று இழுத்தாள். அதற்குள் பழக்க தோஷம், கையில் இருந்த இட்லித் துண்டைப் பார்த்துவிட்டு ஜிலேபி தண்ணீருக்கு மேலே ஒரு துள்ளுத் துள்ளியது. துண்டு விழுந்தது. லபக்கென்று விழுங்கிவிட்டு, இன்னும் போடு என்று கண்ணாடியில் வந்து நின்றது.

அத்தனையும் போனில் தெரிந்தது. பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

"இது அவன் இல்லைடா" என்றாள். "அவன் போய் ஒன்றரை மாசம் ஆச்சு. நான்தான் பைப் தண்ணியை ஊத்திக் கொன்னுட்டேன். இது படப்பை ஏரி ஜிலேபி."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"முதல் நாளே தெரியும். அவனுக்குச் செவுள் ஓரத்துல காது மாதிரி கறுப்பா ஒரு மடல் இருக்கும். இதுக்கு இல்ல."

ரெண்டரை வருஷம் சோறு போட்டிருக்கிறாள், அந்த மடல் அவள் கண்ணில் பட்டதே இல்லை. அதைவிட வேறொன்றுதான் சுருக்கென்று தைத்தது. "தெரிஞ்சுமாடா ஆறு வாரமா நல்லா இருக்கானா, நல்லா இருக்கானான்னு கேட்டே?"

"வேற என்ன கேக்கறதுன்னு தெரியலம்மா" என்றான்.

"நான் இருக்கேனேடா!" என்று கத்திவிட்டாள். உள்ளே டி.வி. சத்தம் சட்டென்று நின்றது. "நான் ஒருத்தி இங்க இருக்கேனே. என்னைக் கேக்கத் தெரியாதா உனக்கு?"

செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். போன் இன்னும் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பும்மா என்று அவன் சொல்லாமலேயே, அந்தச் சின்னப் பொத்தானை அமுக்கிக் கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள். முகத்தைத் துடைக்கவுமில்லை, தலையை ஒதுக்கவுமில்லை.

உமேஷ் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மா..." என்றான். "எப்பம்மா இவ்வளவு நரைச்சுது?"

"நீ மீனைப் பாத்துட்டிருந்தப்போடா" என்றாள் ஞானாம்பாள்.