சுந்தரியிடம் சொல்ல வேண்டியது

கழுத்து இன்னும் நிற்காத பிள்ளையை மார்போடு அணைத்தபடி அன்னலட்சுமி ஆஸ்பத்திரிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புருஷன் திருச்செல்வம். மூன்று பேரின் இரத்தத்தையும் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்ததற்கு இன்றுதான் பதில் வந்திருந்தது.

யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். "பிள்ளையின்ர ஐஞ்சாம் நிறமூர்த்தத்தில, குரோமசோம் எண்டு சொல்லுறது, அதில ஒரு துண்டு இல்லையம்மா. அதாலதான் வளர்த்தி இல்லை, பால் குடிக்கவும் கஷ்டப்படுறா. அப்பாவிட்ட அந்தத் துண்டு இடம் மாறி ஒட்டிக் கிடக்கு. அது அவருக்கு ஒண்டும் செய்யேல்லை. பிள்ளைக்கு வரேக்க விடுபட்டுப் போச்சு. ஆரின்ர பிழையும் இல்லை."

"மருந்து?"

"மாத்துற மருந்து இல்லையம்மா. பயிற்சி குடுக்கலாம்."

அழுகை வரவேண்டிய இடத்தில், சொல்லவே கூசுகிறது, அன்னலட்சுமிக்கு நிம்மதி வந்தது. வயிற்றோடிருந்தவள் சூரிய கிரகணத்தன்று பூசணிக்காய் நறுக்கினாள் என்று மாமியார் இரத்தினம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவளே அதை நம்பிவிட்டிருந்தாள். அது இல்லையாம். அடுத்த கணமே, இதற்குப் போய் ஆறுதல் படுகிறாயே பாவி என்று மனம் குத்தியது.

டொக்டரம்மா திருச்செல்வத்தைப் பார்த்தார். "தங்கச்சி ஆரும் இருக்கினமோ? அவவிட்டயும் இது இருக்கலாம். கலியாணத்துக்கு முந்தி ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"சரி டொக்டர்" என்றான் அவன்.

வீடு திரும்பும் குண்டசாலை பஸ்ஸில்தான் திருச்செல்வம் வாய் திறந்தான். "தங்கச்சி சுந்தரிகிட்ட மூச்சு விட்றாத. பரிசம் போட்டாச்சு. மாத்தளை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்."

"அவளுக்கும் புள்ள இப்புடிப் பொறந்தா?"

"அவகிட்ட இருக்குன்னு யாரு கண்டா?"

"அப்ப அம்மாகிட்டயாவது சொல்லுங்க. என்னால இல்லன்னு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "கலியாணம் முடியிற வரைக்கும் கிரகணமாவே இருக்கட்டும், அன்னம்."

வீட்டுப் படியேறும்போதே இரத்தினம்மா ஆரம்பித்தாள். "என்னவாம் மகாராணிக்கு? கத்தியத் தொடாதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டாளா?"

திருச்செல்வம் குனிந்து செருப்பைக் கழற்றினான். ஒரு செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரமா ஆகும்!

"சும்மா இரும்மா. அண்ணி இப்பத்தானே வர்றாங்க" என்று சுந்தரி ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் முகம் சுளிக்காமல் பிள்ளையைத் தூக்குகிறவள் அவள் ஒருத்திதான். பாலைச் சொட்டுச் சொட்டாகக் கரண்டியால் புகட்டுவாள்; மூக்கால் வழிந்தால் தன் தாவணியாலேயே துடைப்பாள். இன்று கூறைச்சேலை எடுக்கப் போகிறாள், புதுச் சட்டை. அதிலும் எச்சில் வழியட்டும் என்று தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"டொக்டர் என்ன சொன்னாங்க அண்ணி? சரியாயிரும்ல? எனக்கொண்ணு பொறந்தா ரெண்டும் சேந்து இந்த வீட்ட ரெண்டாக்கும் பாருங்க."

வெளியே த்ரீவீல் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார். சுந்தரி பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள். அன்னலட்சுமி ஒரு கையால் பிள்ளையை வாங்கி, மறு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன அண்ணி?"

வாசலில் நின்ற திருச்செல்வம் வேண்டாம் என்று தலையசைத்தான். அன்னலட்சுமி அவனிடமிருந்து முகத்தைத் திருப்பிச் சுந்தரியைப் பார்த்தாள்.

"கைய விடுங்க அண்ணி, ஹோர்ன் அடிக்கிறாங்க."

மறுபடியும் அடித்தார்கள். பிடி இன்னும் இறுகியது. சுந்தரியின் கண்ணாடி வளையல்களெல்லாம் முழங்கைப் பக்கம் ஏறி, ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி நின்றன.