அழிக்காத தடம்

விடியுமுன்பே செம்மண் டென்னிஸ் களங்களுக்குத் தண்ணீர் அடித்தாக வேண்டும். பிறகு மண்ணைச் சமன் செய்யும் வலையைத் தோளில் மாட்டி நான் இழுப்பேன். ஈரம் குடித்துவிட்டால் அது பிணக்கனம் கனக்கும். எனக்குப் பின்னால் ரோலர்க்காரர் மோட்டார் உருளையோடு வருவார். அதன் பிரேக் சரியில்லையென்று முதலாளியிடம் சொல்லிச் சொல்லி எங்கள் வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் மூன்றாம் களத்தின் மூலையில் ஓர் உருவம் குனிந்து மண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கும். சாம்பியன் அக்காதான். ஒரு காலத்தில் நாடு நாடாகப் போய் ஆடி ஜெயித்தவள். இப்போது இந்தக் கிளப்பில் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பந்து போடும் கூலி. "அங்க என்னக்கா, புதையலா?" என்று கிண்டலடிப்பேன். ஒருநாள் சொன்னாள்.

"என் கடைசி ஆட்டம். எதிர்ல ஆடினவ அடிச்ச பந்து கோட்டுக்கு வெளியதான் விழுந்துச்சு. உள்ளன்னுட்டாங்க. மண்ணுல தடம் இருக்கு, நடுவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். முட்டியில உயிர் போற வலி. எப்படியோ முடிஞ்சாப் போதும்னு நானே ஷூவால தேச்சு அழிச்சிட்டேன். அழிச்சா ஒத்துக்கிட்டதா அர்த்தம், அதான் எங்க ஆட்டத்து வழக்கம். அதோட என் ஆட்டம் முடிஞ்சுது. அந்தத் தடம் மட்டும் தினம் இங்க வந்து நிக்குதுடி."

அதன் பிறகு கிண்டலடிக்கவில்லை.

இன்று காலை அதே களத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ரோலர்க்காரர் கைப்பிடியை விடாமல் பின்னுக்கு இழுத்தார். உருளை அவரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதி, பின்வாங்கி, அவர் பாதத்தில் ஏறியது. அந்த அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஆம்புலன்ஸ் போனதும் முதலாளி வந்தார்.

"ஃபோன்ல பேசிக்கிட்டே கால விட்டுட்டான், பாவம். மத்தியானம் லேபர் ஆபீசர் வர்றாரு. அதுக்குள்ள வலைய இழுத்து சுத்தம் பண்ணுங்க."

"பிரேக்கு?" என்றேன்.

"பிரேக்குக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

பழி ரோலர்க்காரர் மேல் விழுந்தால் வைத்தியமும் போச்சு, வேலையும் போச்சு. அது தெரிந்தும், பழகிப்போன கை, பாழாய்ப்போன கை, தானாகவே வலையை எடுத்துத் தோளில் மாட்டியது. சாம்பியன் அக்கா நொண்டிக்கொண்டே ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அழிக்காதடி! கீழ பாரு."

ஈர மண்ணில் சுவர்வரை இரண்டு பள்ளங்கள். அவர் குதிகாலை ஊன்றி உருளையை இழுத்துப் பிடித்த தடம். ஃபோன் பேசிக்கொண்டிருந்தவன் கால் இப்படியா பதியும்?

"இத அழிச்சா நாம ஒத்துக்கிட்ட மாதிரி," என்றாள்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. "பழைய பேருக்காகத்தான் உன்ன வெச்சிருக்கேன். போய்ப் பந்தப் போடு."

"பந்து கிடக்கட்டும் சார். ஆபீசர் வந்து பாக்குறவரைக்கும் இந்தக் கோர்ட்ல யாரும் கால் வைக்கக் கூடாது."

"அப்ப நாளையிலேருந்து நீ வராத!"

என் வாய் சும்மா இருக்குமா? "அவங்க வரலன்னா நாங்களும் வரல. வலைய நீங்க இழுங்க சார், உடம்புக்கு நல்லது," என்று தோளிலிருந்து இறக்கிப் போட்டேன். தண்ணீர் அடிப்பவர் குழாயை மூடினார். தோட்டக்காரரும் பந்து பொறுக்கும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். முதலாளி யாருக்கோ ஃபோன் போட்டபடி உள்ளே போனார்.

வெயில் ஏறியது. மண் காயக் காய, பள்ளத்தின் ஓரம் பொடிந்து காற்றில் பறக்கத் தொடங்கியது. எல்லோரும் களத்தின் ஓரத்தில், காற்று வரும் பக்கமாக வரிசையாக உட்கார்ந்தோம். அக்கா கடைசியாக வந்து, மடங்காத முட்டியை நீட்டிக்கொண்டு என்னருகே மண்ணில் உட்கார்ந்தாள்.

"இன்னும் நெருங்கி உக்காருங்கடி," என்றாள். "காத்து உள்ள வருது."