சேர்க்கை வினை

அக்கா புரோமின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆல்கீன் இருந்த குழாயில் செம்பழுப்பு நிறம் இறங்கியது. குலுக்கியதும் தண்ணீராகத் தெளிந்தது. நாளைய வகுப்புக்கு, பள்ளி ஆய்வகத்தில் ஒத்திகை. அவளை அழைத்துப்போக வந்த தங்கை மேசையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிறம் எங்கக்கா போச்சு?”

“எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு.”

சொன்ன பிறகுதான் அக்காவுக்கு மாடி வீட்டு நினைவு வந்தது. அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்த கணவனும், எப்போதும் நீளக் கூந்தலை ஈரத்தோடு விரித்துவிட்டிருக்கும் மனைவியும் போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல்போயிருந்தார்கள். செருப்புகள்கூட வாசலில் அப்படியே கிடந்தன. அன்றிலிருந்து தங்கை பேசுவதற்கு முன் செருமுகிறாள்; டம்ளரை இடது கையால் எடுக்கிறாள். இரண்டும் அந்த மாடி வீட்டுக் கணவனின் பழக்கம். கேட்டால், உனக்கு எதிலும் தப்புத் தேடும் வாத்தியார் புத்தி என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் அவளுடையது. அப்பா அம்மா போனபின் அக்காவுக்கு மிஞ்சியிருப்பதும் அதுதான். எப்போதும் ஒன்றாகவே திரிவதால் ஆசிரியர் அறையில் இருவருக்கும் ‘இரட்டைப் பிணைப்பு’ என்றே பட்டப்பெயர்.

இதற்கு என்ன பெயர் என்று தங்கை கேட்டாள். சேர்க்கை வினை என்றாள் அக்கா.

“சேர்க்கை சரியில்லன்னா வினைதான்.”

இம்முறை தங்கை சிரிக்கவில்லை. எப்படிச் சேரும் என்றாள்.

குழாயைப் பார்த்தபடியே அக்கா விளக்கினாள். ஆல்கீனில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு, அதாவது இரண்டு பிடிகள். ஒன்று இறுக்கமானது. மற்றதில் எலக்ட்ரான்கள் தளர்வாகப் பரவி நிற்கும். புரோமின் ஜோடியாக நெருங்கும்போது இந்தத் தளர்ந்த எலக்ட்ரான்கள் அதன் எலக்ட்ரான்களை அப்பால் தள்ள, கிட்டே இருக்கும் புரோமினுக்கு எலக்ட்ரான் பசி எடுக்கும். தளர்ந்த பிடி திறந்து அதைப் பற்றிக்கொள்ளும். ஜோடி உடைந்துவிடும்.

“அப்ப இன்னொண்ணு?”

“அதுவும் வரும். இந்தப் பக்கம்தான் ஏற்கெனவே ஒண்ணு உக்காந்திருக்கே. அதனால எதிர்ப்பக்கமா வந்து, அடுத்த கார்பன்ல சேரும்.”

தங்கை செருமினாள். “பின்னாடியிருந்தா?”

 அக்கா குழாயைத் தாங்கியில் வைத்தாள்.

“கார்பன் ரெண்டும் பிரிஞ்சிடுமாக்கா?”

“பிரியாது. ஒரு பிடி மிஞ்சும். ஆனா பழைய பொருள் இல்ல. பேரே வேற.”

“பிரியாதுல்ல. அது போதும்.”

மேசைக்குக் குறுக்கே இடது கை நீண்டு அக்காவின் கையைப் பற்றியது. அக்காவும் விடாமல் இறுக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவின் பிடரியில் ஈரமான நீளக் கூந்தல் புரண்டது. அவளுடையது காதளவு வெட்டிய முடி.