வெள்ளிக்கிழமை என் முதல் விருப்பம்

தருமபுரியில் மாலை வகுப்பில் நாங்கள் ஐந்து பேர் அல்காரிதம் வழி ஆட்டக் கோட்பாடு படிக்கிறோம். பலர் ஒன்றுக்கே ஆசைப்பட்டால் யாருக்குக் கொடுப்பது, அதில் யார் எப்படி ஏமாற்றுவார்கள் என்று கணக்குப் போடும் படிப்பு. பகலில் நல்லம்பள்ளி இ-சேவை மையத்தில் விண்ணப்பங்கள் ஏற்றுகிறேன். இதே பாடம் அங்கே செய்முறையாக நடக்கிறது என்பதை எங்களுக்குப் பாடம் எடுக்கும் சவுரியப்பன் சாரிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்று சனிக்கிழமை. அடுத்த வாரம் யார் எந்த நாள் செமினார் எடுப்பது என்று முடிவாயிற்று. திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒருவர். தவறினால் இன்டர்னல் மதிப்பெண் பூஜ்யம். புதன் என்றால் எனக்கு வசதி. வெள்ளி மட்டும் ஆகாது. அன்று மாலை பென்னாகரத்தில் அக்கா தேன்மொழிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு மாலை போட அவளுக்கு வேறு தம்பி கிடையாது.

"அஞ்சு நாளையும் விருப்ப வரிசையில எழுதி மடிச்சுக் குடுங்க," என்றார் சார். "சீட்டுக் குலுக்குவேன். பேர் வர்ற வரிசைப்படி, மிச்சம் இருக்கறதுல உங்க பட்டியல்ல மேல இருக்கற நாள் உங்களுக்கு. இதுல பொய் எழுதி ஒருத்தரும் லாபம் பாக்க முடியாது. போன வாரமே நிரூபிச்சுட்டேன்."

நிரூபணத்தை மூன்று நிற மையில் எழுதி வைத்திருக்கிறேன். தேர்வுக்கு அது போதும். வாழ்க்கைக்கு அப்பா இருக்கிறார். மாட்டுச் சந்தையில் வாங்க நினைத்த மாட்டை அவர் ஏறிட்டும் பார்க்கமாட்டார். பக்கத்து மாட்டின் பல்லைத்தான் பிடித்துப் பார்ப்பார். ஆகவே முதலில் வெள்ளி, அடுத்துப் புதன் என்று எழுதினேன். தயாராவதற்குக் கூடுதல் நாள் கிடைக்கும் என்று எல்லோரும் வெள்ளிக்கே அடித்துக்கொள்வார்கள், எனக்குக் கிடைக்காது, சார் மனமிரங்கிப் புதனைத் தருவார். சீட்டுக்கு மனமில்லை என்று நோட்டில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. இருமுறை படித்துப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை.

முதல் சீட்டிலேயே என் பெயர் வந்தது.

"அருள்குமார், கேட்டதே கெடைச்சிருச்சு. வாழ்த்துகள்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

புதன் கோகிலவாணிக்குப் போனது. மாற்றிக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஏங்க, வெள்ளிதான முதல்ல எழுதினீங்க?"

"எழுதினேங்க. ஆனா வேண்டாங்க."

"வேண்டாததை எதுக்குங்க மொதல்ல எழுதறது? எனக்குப் புதன்தான் வேணும். அதான் புதன்னு எழுதினேன்."

இவ்வளவு எளிய உத்தி எனக்குத் தோன்றவே இல்லை.

சார் காதில் விழுந்துவிட்டது. "எல்லாரும் உண்மை எழுதியிருந்தா மாத்திக்கவே தேவை வராது. யாரு பொய் எழுதினது?"

மானம் ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம். எடை போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து நின்றேன்.

அவர் கோபப்பட்டிருக்கலாம். மகிழ்ந்துபோனார். ஆய்வுக் கட்டுரைகளில் மட்டுமே படித்த ஆளை இப்போதுதான் நேரில் பார்க்கிறாராம்.

வெள்ளியை உண்மையிலேயே கேட்டிருந்தவன் கோகுல்ராஜ் ஒருவன்தான். கடைசிச் சீட்டு அவனுடையது, திங்கள் விழுந்திருந்தது. "மாத்திக்கலாம் மாப்ள," என்றான். "உனக்குத்தான் நாளைக்கு ஒரு நாள் முழுசா இருக்குதே."

சார் சம்மதித்தார். என் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டார்: 'மக்கள் ஏன் பொய் எழுதுகிறார்கள்?' தரவு தேடி அலைய வேண்டாமாம், கைவசம் இருக்கிறதாம்.

பேருந்து நிலையத்திலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வெள்ளிக்கிழமை வந்துருவேன்க்கா. செமினார் எனக்கு அன்னிக்குன்னு விழுந்துச்சு, வேற நாளுக்கு மாத்திக் குடுத்துட்டாங்க."

"அவ்ளோ சுலபமாவா? என்னடா சொன்ன?"

"உண்மையச் சொன்னேன்."

"நீயா?" என்றாள்.